போர்க்காலத் தாமதத்துக்குப் பிடித்த பணம்: செலவினத் துறைக்குப் பீன்யாவிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: நிதி அமைச்சகத்தின் செலவினத் துறைச் செயலர் அவர்களும் அத்துறையின் கொள்முதல் கொள்கைப் பிரிவு அதிகாரிகளும், குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் அமைச்சகச் செயலர் அவர்கள், புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் பதினொரு பேரோடு ஒரு டர்னிங் பட்டறை நடத்தி வருகிறேன். இரண்டு சி.என்.சி. லேத், மூன்று பழைய சென்டர் லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர் என்று இவைதாம் எங்கள் முதல். என் தந்தை திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஃபிட்டர் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தவன். உக்ரைன் போரால் மூலப்பொருள் வராமல் சரக்குத் தாமதமானதற்காக எங்களிடம் பிடித்த பணத்தைப் பற்றியது இந்த மடல். இதன் சாரத்தை முறைப்படி ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் ஓசூரிலும் கோவையிலும் இதே நிலையில் நிற்கும் பட்டறைக்காரர்கள் படித்துப் பார்த்து, தங்கள் கணக்கையும் சேர்த்து உங்களுக்கு எழுத வேண்டும் என்பதற்காகவே தமிழில் திறந்த மடலாக எழுதுகிறேன்.

2021 டிசம்பரில் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் ஒன்றிடமிருந்து 1,200 வால்வு ஸ்பிண்டில்களுக்கான (வால்வைத் திறந்து மூடும் தண்டுகளுக்கான) கொள்முதல் ஆணை எங்களுக்குக் கிடைத்தது. ஒன்று 3,200 ரூபாய், மொத்தம் 38,40,000 ரூபாய். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்ய வேண்டும்; 2022 ஏப்ரல் 30-க்குள் கடைசிப் பெட்டி அவர்கள் ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும்; விலை இடையில் மாறாது. தாமதமாகும் சரக்கின் மதிப்பில் வாரத்துக்கு அரை விழுக்காடு, உச்சவரம்பு பத்து விழுக்காடு என்று எல்.டி., அதாவது தாமதத்துக்கான இழப்பீடு, பிடிப்பார்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவோம் என்பதற்குப் பிணையாக, 2020 நவம்பரில் நீங்கள் குறைத்துக் கொடுத்த அளவின்படி 3 விழுக்காட்டுக்கு, அதாவது 1,15,200 ரூபாய்க்கு, வங்கி உத்தரவாதம் கொடுத்தோம். இந்த நிபந்தனைகள் எதையும் நான் குறை சொல்லவில்லை. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன்.

முதல் 450 ஸ்பிண்டிலுக்கான தடியை ஜனவரியில் கிலோ 345 ரூபாய்க்கு வாங்கினேன்; அவை குறித்த காலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. மீதி 750-க்கு வேண்டிய 2,250 கிலோ தடிக்கு முன்பணம் கட்டியிருந்த நிலையில் பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கியது. 316 தடி நூறு கிலோ எடுத்தால் அதில் பத்து கிலோவாவது நிக்கல் இருக்கும். உலகச் சந்தைக்கு நிக்கல் தரும் பெரிய நாடுகளில் ரஷ்யா ஒன்று. போருக்கு முன் டன்னுக்கு ஏறக்குறைய 25,000 டாலராக இருந்த நிக்கல், ரஷ்யச் சரக்கு நின்றுபோகும் என்ற அச்சத்தாலும், விலை இறங்கும் என்று எண்ணி முன்கூட்டியே விற்றுவைத்திருந்தவர்கள் அவசரமாகத் திரும்ப வாங்க முனைந்ததாலும், மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் 1,00,000 டாலரைத் தாண்டியது. அந்தச் சந்தை நிக்கல் வணிகத்தை நிறுத்தி, அன்றைய பரிமாற்றங்களை ரத்துசெய்து, 16-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தது. வணிகம் நின்ற மறுநாளே, மார்ச் 9 அன்று, எங்கள் தடி வியாபாரி முன்பணத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். ஆலை புதிய புக்கிங்கை நிறுத்திவிட்டது என்ற கடிதத்தையும் கூடவே அனுப்பினார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். இல்லாத சரக்கை அவர் எங்கிருந்து தருவார்?

அடுத்த சில வாரங்களில் கிடைத்த விலை கிலோ 470 ரூபாய். அதுவும் அன்று மாலை வரைக்குமான விலை, சரக்கு எப்போது வரும் என்ற உறுதி கிடையாது. ஏப்ரல் நடுவில் வேறொரு வியாபாரி கைவசம் 800 கிலோ இருப்பதாகச் சொன்னார். கோடவுனுக்குப் போய்ப் பார்த்தேன். ஒழுங்கான தடியின் நுனியில் ஹீட் நம்பரைப் பஞ்ச் செய்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் எந்த உருக்கில் வார்த்தது, என்னென்ன கலந்திருக்கிறது என்று ஆலைச் சான்றிதழோடு ஒத்துப்பார்ப்போம். நான் பார்த்த தடிகளின் நுனியில் மஞ்சள் பெயின்ட் மட்டுமே இருந்தது. துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தும் அடியில் எண் எதுவும் இல்லை. அது 304 என்ற வேறு ரகமாகக்கூட இருக்கலாம். 304-க்கும் 316-க்கும் கண்ணால் வேறுபாடு காண முடியாது. உப்புநீரும் அமிலமும் படும் இடத்தில் போட்டால்தான் தெரியும், தெரிய வரும்போது வால்வு ஒழுகத் தொடங்கியிருக்கும். அந்தத் தடியை நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஏப்ரல் 30-க்குள் மீதிச் சரக்கில் மூன்றில் ஒரு பங்கையாவது ஏற்றியிருப்பேன், எல்.டி.யும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். சரியான தடி கிடைத்தபின் 300 ஸ்பிண்டில்களை ஜூன் 18 அன்றும், மீதி 450-ஐ செப்டம்பர் 3 அன்றும் ஒப்படைத்தோம். ஒன்றுகூட இன்ஸ்பெக்ஷனில் திரும்பி வரவில்லை.

மார்ச் 14 அன்றே, அதாவது ஒப்படைப்புத் தேதிக்கு ஆறு வாரங்களுக்கும் மேலாக இருக்கும்போதே, ஒப்பந்தத்தின் ஃபோர்ஸ் மெஜூர் விதியின் (மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளுக்கு விலக்குத் தரும் விதியின்) கீழ் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தேன். ஆலைக் கடிதத்தையும் வியாபாரியின் கடிதத்தையும் இணைத்து, காலநீட்டிப்பு மட்டுமே கேட்டேன். விலையை உயர்த்தித் தரும்படி ஒரு வரியும் எழுதவில்லை. ஜூன் 2 அன்று பதில் வந்தது. போர் இந்தியாவில் நடக்கவில்லை, ஒப்பந்தத்தின் இரு தரப்பினரில் எவருடைய நாட்டிலும் நடக்கவில்லை, மூலப்பொருள் கிடைப்பதும் விலை ஏறுவதும் வழங்குநரின் வணிக இடர்ப்பாடு என்பதே அதன் சுருக்கம். ஜூலையில் வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கிக்கொண்டார்கள். இறுதி பில்லில் ஜூன் மாதச் சரக்குக்கு 33,600 ரூபாயும் செப்டம்பர் மாதச் சரக்குக்கு 1,29,600 ரூபாயும் எல்.டி. பிடித்தார்கள். உத்தரவாதத்தையும் சேர்த்தால் 2,78,400 ரூபாய். தடிக்கு நான் கூடுதலாகக் கொடுத்த 2,81,250 ரூபாய் தனி. அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்த பிறகு, ஆட்கள் கையில் வழக்கமான போனஸில் பாதியைத்தான் வைக்க முடிந்தது. பதினெட்டு ஆண்டுகளாக என்னோடு இருக்கும் மூத்த டர்னர் கவரைப் பிரித்துப் பார்க்காமலேயே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு போர் எவ்வளவு அருகில் நடந்தால் அது போர் ஆகும்?

உங்கள் துறையின் பொருள் கொள்முதல் கையேடு, மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளுக்கு எடுத்துக்காட்டுச் சொல்லும் இடத்தில் இயற்கைப் பேரிடருக்கு அடுத்தபடியாகப் போரைக் குறிப்பிடுகிறது. அந்தப் போர் எந்த எல்லைக்குள் நடக்க வேண்டும் என்று கையேடு சொல்லவில்லை. தூரம் ஒரு பொருட்டல்ல என்பதற்கு உங்கள் துறையே முன்னுதாரணம் காட்டியிருக்கிறது. 2020 பிப்ரவரி 19 அன்று நீங்கள் வெளியிட்ட குறிப்பாணை, சீனாவிலோ வேறு எந்த நாட்டிலோ கொரோனா பரவியதால் சரக்கு வரத்து தடைபட்டால் அதை இயற்கைப் பேரிடராகக் கொண்டு ஃபோர்ஸ் மெஜூர் விதியைப் பயன்படுத்தலாம் என்று தெளிவுபடுத்தியது. அன்று இந்தியாவில் அந்த நோய் உறுதியாகியிருந்தவர்கள் கேரளத்தில் மூன்று பேர் மட்டுமே. ஊரடங்கு வர இன்னும் ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தது. அதாவது, வேறொரு நாட்டில் நேர்ந்த ஒன்று இங்குள்ள பட்டறைக்கு வர வேண்டிய சரக்கை நிறுத்திவிடும் என்பதை நீங்கள் முன்கூட்டியே உணர்ந்து, யாரும் கெஞ்சும் முன்பே எழுதிக் கொடுத்தீர்கள். அந்த ஆணையைப் பற்றி நான் மனமார்ந்த நன்றியோடுதான் பேசுகிறேன். அந்த ஆண்டு அது எங்களில் பலரைக் காப்பாற்றியது. நோயைப் பேரிடராகக் கொள்வதற்கு ஒரு தனிக் குறிப்பாணை வேண்டியிருந்தது. போர் என்ற சொல்லோ கையேட்டில் முன்பே அச்சாகியிருந்தது. இருந்தும் போருக்கு அப்படியொரு தெளிவுரை எங்களுக்கு வராததால், பில்லைச் சரிபார்க்கும் அதிகாரி தனக்குத் தணிக்கை வராத வழியைப் பார்த்துக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும், மேலிடத்திலிருந்து ஒரு தாள் இல்லாமல் துணிந்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உலோக விலைக்கு வந்த நெருக்கடி அரசுக்குத் தெரியாததும் அன்று. 2022 மே 21 அன்று நிதி அமைச்சகம் அறிவித்து மறுநாள் நடைமுறைக்கு வந்த ஆணைகளின்படி ஃபெர்ரோ நிக்கலுக்கு இருந்த 2.5 விழுக்காடு இறக்குமதி வரி நீக்கப்பட்டது. உள்நாட்டில் சரக்கு கிடைக்க வேண்டும் என்பதற்காக ஸ்டீல் பொருள்கள் பலவற்றின் மீது 15 விழுக்காடு ஏற்றுமதி வரி போடப்பட்டது. ஓர் அமைச்சகம் வரி மாற்றும் அளவுக்கு உண்மையான தட்டுப்பாடு, அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து எனக்கு வந்த கடிதத்தில் வெறும் வணிக இடர்ப்பாடாகிவிட்டது.

பிறகு 2023 ஏப்ரலில் ‘விவாத் சே விஸ்வாஸ் 1’ திட்டம் வந்தது. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல்போன குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களிடமிருந்து பிடித்த எல்.டி.யிலும் பறிமுதல் செய்த உத்தரவாதத் தொகையிலும் 95 விழுக்காட்டைத் திருப்பித் தரும் திட்டம் அது. அறிவிப்பு வந்த அன்றே ஆடிட்டரிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, விரலால் ஒரு வரியைக் காட்டினார்: ஒப்பந்தத்தில் குறித்த ஒப்படைப்புத் தேதி 2020 பிப்ரவரி 19-க்கும் 2022 மார்ச் 31-க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். என் தேதி ஏப்ரல் 30. முப்பது நாள் வித்தியாசத்தில் 2,64,480 ரூபாய் கைக்கு வராமல் போயிற்று. ஏதோ ஒரு நாளில் கோடு கிழிக்கத்தான் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோடு விழுந்த நாளில் போர் தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஒரு பேரிடருக்கு நீங்கள் கதவை மூடிய நேரத்தில் இன்னொன்று எங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வழக்குமன்றம் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். வழக்கறிஞரைக் கண்டு பேசினேன், அவர் சொன்ன தீர்ப்புகளை உட்கார்ந்து படித்தேன்; சட்டம் முழுவதும் என் பக்கம் இருப்பதாக உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலோபி பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-லேயே இதைத் தீர்த்துவைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்திய ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த முகவர்கள், போரினால் நிலைமையே மாறிவிட்டது, பழைய விகிதம் கட்டுபடியாகாது என்று கூடுதல் தொகை கேட்டார்கள். எதிர்பாராமல் விலை ஏறியதாலோ இறங்கியதாலோ மட்டும் ஓர் ஒப்பந்தம் அற்றுப்போகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தோனேசிய நிலக்கரியின் விலை ஏறியதைப் பற்றிய எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் 2017-லும் அதே நிலைதான். ஆனால் அந்த நெய் வழக்கில் வேறு இரண்டு செய்திகளும் எனக்குப் பட்டன. 1937-இல் போட்ட அந்த ஒப்பந்தத்தை 1942-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அரசும் முகவர்களும் கலந்து திருத்திக்கொண்டார்கள். நிலைமை மாறினால் நிபந்தனையைத் திருத்திக்கொள்வது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, அதற்கு நீதிமன்றம் தேவையில்லை. மற்றொன்று, 1945-இல் முடிந்த போரைப் பற்றிய வழக்கு தீர 1960 ஆயிற்று. பதினொரு பேர் கொண்ட பட்டறை அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்காது. 2,78,400 ரூபாய்க்காக நடுவர் மன்றம் போனால் நடுவர் கட்டணமும் வக்கீல் கட்டணமும் அதைத் தின்றுவிடும். அதோடு, வழக்குப் போட்டவன் பெயர் வெண்டர் பட்டியலில் நிற்குமா என்ற அச்சத்தை உங்களிடம் மறைப்பதில் பயனில்லை.

நான் கேட்டது விலை அல்ல, காலம் என்பதை மறுபடியும் சொல்ல விரும்புகிறேன். காலத்தைப் பொறுத்தவரை சட்டம் அவ்வளவு கடுமையாக இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. இழப்பே நேராத இடத்தில் ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் விளக்கியிருக்கிறது. 2022 நவம்பரில் வேறு வேலையாக அந்த நிறுவனத்தின் ஸ்டோருக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில், சுவரை ஒட்டி, ஏப்ரலுக்கு முன்பே நாங்கள் அனுப்பிய முதல் 450 ஸ்பிண்டில்களின் பெட்டிகள் இருந்தன. என் மனைவி கறுப்பு மார்க்கரால் எழுதிய பெட்டி எண்கள்தாம் முதலில் கண்ணில் பட்டன. அவர் ஏழு எழுதும்போது நடுவில் ஒரு சிறு கோடு போடுவார். பெட்டியைச் சுற்றி நாங்கள் கட்டிய பட்டை அறுபடாமல் இருந்தது, மேலே தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. குறித்த நாளில் போய்ச் சேர்ந்த சரக்கே ஏழு மாதமாகத் திறக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்த சரக்கின் தாமதத்தால் அவர்களுக்கு என்ன இழப்பு நேர்ந்தது? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எல்.டி. கணக்குத் தாளில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

விலையைப் பற்றி ஒரு சொல். பொது நிதி விதிகள் 2017-இன் 225-ஆம் விதி, பதினெட்டு மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் மட்டுமே விலை மாற்ற விதியை அனுமதிக்கிறது. குறுகிய கால ஒப்பந்தம் என்றால் நிலையான விலைதான். அமைதிக் காலத்தில் அது சரியான ஏற்பாடு. ஆனால் பெரிய ஒப்பந்தக்காரர்களின் வேலை மூன்றாண்டு ஓடுவதால் அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. நாலு மாதத்தில் முடிக்கும் எங்களுக்குக் கிடைப்பதில்லை. பொதுத்துறை தன் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று ஆணையிட்டது அரசுதான். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்த பந்தியில் போரின் முழுச் சுமையையும் எங்கள் இலையிலேயே வைப்பது முறையாகுமா?

இது உக்ரைனோடு முடிந்த கதையும் அன்று. 2023 நவம்பர் முதல் செங்கடலில் நடந்த தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரத் தொடங்கியபோது, பக்கத்துப் பட்டறைக்காரருக்கு ஐரோப்பாவிலிருந்து வர வேண்டிய கார்பைடு டூல்கள் வாரக்கணக்கில் கடலிலேயே இருந்தன. 2025 மே மாதம் நம் எல்லையிலேயே சண்டை மூண்டு வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியாக, இது போர்தான் என்று ஒரு கிளார்க்கிடம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. 2020 பிப்ரவரிக் குறிப்பாணையைப் போலவே, வெளிநாட்டில் நடந்தாலும் சரக்கு வரத்தை நேரடியாகத் தடுக்கும் போர், கையேட்டின் ஃபோர்ஸ் மெஜூர் விதியில் அடங்கும் என்று ஒரு பக்கத்தில் தெளிவுரை கொடுங்கள். ஆலையின் கடிதமோ கப்பல் நிறுவனத்தின் கடிதமோ சான்றாகப் போதும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். 2022 பிப்ரவரி 24-க்குப் பின் ஒப்படைப்புத் தேதி விழுந்து, உரிய நேரத்தில் அறிவிப்புக் கொடுத்து, பின்னர் முழுச் சரக்கையும் ஒப்படைத்த சிறு நிறுவனங்களுக்கு 2023-இன் திட்டத்தை அதே 95 விழுக்காட்டில் ஒரு முறை திறந்துவிடுங்கள். சரக்கே தராமல் ஓடியவர்களுக்காக நான் பேசவில்லை, அவர்களை விலக்கிவிடலாம். ஃபோர்ஸ் மெஜூர் அறிவிப்பு நிலுவையில் இருக்கும்போது, அதற்குக் காரணத்தோடு கூடிய பதில் தராமல் வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். விலை மாற்ற விதியைப் பற்றிய யோசனைக்கு நாள் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். மற்ற மூன்றுக்கும் ஒரு குறிப்பாணை போதும் என்றே நம்புகிறேன்.

மார்ச் 14 அறிவிப்பின் நகல், ஆலைக் கடிதம், வியாபாரியின் கடிதம், ஜூன் 2 பதில், ஹீட் நம்பர் வாரியாக ஆலைச் சான்றிதழ்கள், இன்ஸ்பெக்ஷன் அறிக்கைகள், எல்.டி. பிடித்த பில் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி ஒரே கோப்பாகக் கட்டி வைத்திருக்கிறேன். மூலப் பிரதிகளும் என்னிடமே இருக்கின்றன. பெங்களூரில் உள்ள எந்த அலுவலகத்துக்கு வரச் சொன்னாலும் சரி, தில்லிக்கே வரச் சொன்னாலும் சரி, நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தால் கோப்போடு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பீன்யா டர்னிங் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
பெங்களூரு